கீழ் அறைக்காரன் சொன்ன பொய்

என் பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நான் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன், கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. நீயும் மருமகளும் பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும்.

கீழ் அறையைக் காலி செய்ய வைத்துவிட்டேன். படத்துக்குச் சட்டம் போடுகிற அந்தக் கண்ணாடிக்காரன் செவ்வாய்க்கிழமை போய்விட்டான். ஒன்பது மாத வாடகை தரவில்லை, போகட்டும், அவன் தொலைந்ததே பெரிது. போகிறபோது மிச்சப் பசையைக் கழுவுகிற தொட்டியில் ஊற்றி அடைத்துவிட்டுப் போயிருக்கிறான். தரையெல்லாம் கண்ணாடித் தூள், மூலைக்கு மூலை துப்பி வைத்த கறை. இரண்டு நாள் தேய்த்துக் கழுவியும் அந்தப் பசை நாற்றம் கையை விட்டுப் போகவில்லை, அந்தக் கையால் சாப்பிடவே குமட்டுகிறது.

நீ போனில், அப்பாவே வாடகை வேண்டாம்னு சொல்லிட்டாராம், விட்டுடும்மா என்றாய். அப்பா கண்மூட ஒரு மாதம் முன்னால் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நீ எனக்குத் தம்பி மாதிரி, வாடகையை நினைத்துக் கவலைப்படாதே என்று சொன்னதாக உன்னிடம் அளந்திருக்கிறான். நீ அதோடு இன்னொன்றும் கேட்டாய், என்கிட்ட ஒரு வார்த்தை பேசாதவரு அவன்கிட்ட உட்கார்ந்து பேசினாராம்மா என்று. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நெஞ்சு ஆறவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

என் மேலும் தப்பு இருக்கிறது. இரண்டாம் தடவை பக்கவாதம் வந்தபோதே அப்பாவுக்குப் பேச்சு போய்விட்டது. கடைசி ஐந்து மாதம் ஒரு சொல் வாயில் வரவில்லை. சொன்னால் புது வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாய் என்று, நீ கூப்பிடும்போதெல்லாம் தூங்குகிறார் தூங்குகிறார் என்று புளுகினேன். உன் சித்தப்பாவுக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். கண்ணாடிக்காரனுக்குத் தெரியாது, எப்படித் தெரியும், வாடகை கேட்டுவிடுவோம் என்று மாடிப்படிப் பக்கமே தலைகாட்டாமல் பின் கதவு வழியாகத் திருடன் மாதிரி போய் வந்தான். ஒரு நாள் ஏறி வந்து எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தால் பொய்யையாவது ஒழுங்காகச் சொல்லியிருப்பான்.

சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு கீழே போனேன். சத்தம் போடவில்லை, அவர் என்ன சொன்னாருன்னு இன்னொரு தடவை சொல்லுப்பா என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணன் குரல் இன்னும் என் காதுலயே இருக்கு அண்ணி என்றான். சித்தப்பா, அப்போ அந்தக் காதை எனக்கும் கொஞ்சம் கடன் குடு, பேச்சு போயி அஞ்சு மாசம் கழிச்சுதான் எங்க அண்ணன் போனாரு என்றார். அப்போதாவது வாயை மூடினானா, அண்ணன் படத்துக்குப் போட்ட சட்டத்துக்கு நான் காசே வாங்கலையே அண்ணி, அதைக் கழிச்சுக்குங்க என்றான். துக்கத்துக்கு வந்து அவனாகவே மாட்டிவிட்டுப் போன படம் அது. மேலே வந்து படத்தை இறக்கி, ஆணியைப் பிடுங்கி, அப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு சட்டத்தையும் கண்ணாடியையும் அவன் வாசலில் கொண்டுபோய் வைத்தேன், ஒரு வாரத்தில் கிளம்பு என்றேன். அந்த வெட்கங்கெட்டவன் அதையும் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போனான்.

அப்பா உன்னை ஒதுக்கிவிட்டு வேறு யாரிடமும் பேசவில்லை. தூங்குகிறார் என்று உன்னிடம் சொல்லிவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் தலைமாட்டில்தான் வைப்பேன். உன் குரல் வந்ததும் இடது கை மோதிரத்தால் கட்டில் இரும்பைத் தட்டுவார், நீ வைத்த பிறகும் தட்டிக்கொண்டே இருப்பார். அது என்னம்மா சத்தம் என்று ஒரு நாள் நீ கேட்டாய். கீழே கண்ணாடிக்காரன் ஆணி அடிக்கிறான் என்றேன். அவன் இல்லையப்பா, அது உன் அப்பா.

என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டு, ஆனால் சாப்பிட்டுவிட்டுத் திட்டு. தொட்டிக்கு ஆள் சொல்லியிருக்கிறேன், பணம் அனுப்பாதே. படம் அலமாரியில் சாய்ந்து நிற்கிறது, லீவு கிடைத்தால் வந்து நீயே சட்டம் போடு. மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருங்கள்.

உன் அம்மா