வட்டம் போட்ட சுவர்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் நலமாக இருக்கிறோம், அந்தக் கூரையும் நலமாக இருக்க வேண்டுமே என்பதுதான் இப்போதைய கவலை. உன் உடம்பு எப்படி இருக்கிறது, இருமல் விட்டதா? எனக்கு வலது மணிக்கட்டில் சுளுக்கு, சமையலறைச் சாமான்களை ஒரே நாளில் மாடிக்கு ஏற்றியதற்குக் கிடைத்த பரிசு, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். முடித்ததும் ஓர் எழுத்து விடாமல் எனக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், இவளை நம்ப முடியாது என்பது உனக்கே தெரியும். (அண்ணா, நான்தான், வாலு. அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான், வெளியே வருவதெல்லாம் அம்மா. இந்த வீட்டில் எனக்கென்று மிச்சமிருக்கும் சுவர் இந்த அடைப்புக்குறி ஒன்றுதான். இதைப் படித்துக் காட்டுவதாக இல்லை.)

போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே நின்று போனை வாங்கி, எல்லாம் ஜோரா போகுதுடா என்று சொல்லிவிடுகிறார். ஜோராக ஒன்றும் போகவில்லை. ரிடையர் ஆன கையோடு யாரோ நண்பர் வீட்டில் ஹாலும் சமையலறையும் ஒன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார், அன்றிலிருந்து சுவரைக் கண்டாலே அவருக்கு ஆகவில்லை. வீடு பெரிசா தெரியும், காத்து வரும், நீயும் சமைச்சுக்கிட்டே எங்ககூடப் பேசலாம் என்கிறார். இருபத்தெட்டு வருஷமாக இவரோடு பேசாமல் இருக்க எனக்கு இருந்த ஒரே இடம் அந்தச் சமையலறை. அதன் கதவும் போய்விட்டால் கோபம் வரும்போது எதைச் சாத்துவது, நீயே சொல். (அம்மா இப்போதே ஃபிரிட்ஜ் கதவைச் சாத்திப் பழகுகிறாள். ஒரு வாரத்தில் ஃபிரிட்ஜுக்கும் மேஸ்திரி தேவைப்படும்.)

சரி, ஆசைப்படுகிறார், போகட்டும் என்றுதான் விட்டேன். நம் வீட்டைக் கட்டிய அதே மேஸ்திரிதான் வந்தார். சமையலறைச் சுவர் வெறும் தடுப்பு, எடுக்கலாம்மா, தம்பி ரூம் சுவர் மட்டும் ஒன்பது இஞ்சு, மாடி பூரா அதுமேலதான் உக்காந்திருக்கு, அதைத் தொடவே கூடாது என்றார். எடுக்க வேண்டிய சுவரில் சாக்பீஸால் பெருக்கல் குறி, தொடக்கூடாத சுவரில் வட்டம், இதுதான் அவர் வழக்கம். மறுநாள் காலை அவருக்கு வேறு வேலை, ஆட்கள் இருவரை அனுப்பி, குறி போட்ட இடத்துல இடிங்க, நான் பத்து மணிக்கு வந்துடறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் சமையலறைச் சுவரை விட்டுவிட்டு நேராக உன் அறைச் சுவரில் கை வைத்துவிட்டார்கள், பெருக்கல் குறி அதில்தான் இருந்தது என்கிறார்கள். அப்பா பேங்குக்குப் போயிருந்தார், நான் மாடியில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தேன். மேஸ்திரி வந்து பார்த்தபோது ஓர் ஆள் நிமிர்ந்து நடக்கும் அளவுக்கு ஓட்டை. மனிதர் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. அப்போதே ஓடிப்போய் இரும்பு முட்டு நாலு கொண்டுவந்து மாடிக்கு அடியில் நிறுத்தினார், அதன்மேல்தான் இப்போது மாடி நிற்கிறது.

மாடியில் உன் அத்தை அறைச் சுவரில் விரிசல், தீக்குச்சி நுழைகிறது. அவள் தினமும் காலையில் விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் கோடு கிழித்துத் தேதி போடுகிறாள், நாலு நாளில் ஒரு விரற்கடை நகர்ந்திருக்கிறது. அவள் அறைக் கதவும் சாத்த வரவில்லை. அண்ணா, கீழ வர்றதுக்கு எனக்குப் படி இருக்கு, நேரா இறக்கிவிட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்கிறாள். எல்லோரும் சிரித்தார்கள், என்னால் முடியவில்லை. அவள் கட்டிலுக்கு நேர் கீழேதான் அந்த ஓட்டை.

உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, கண்ணு தெரியாத ஆளுகிட்ட வீட்டைக் குடுத்துட்டேன், தன் குறி தனக்கே தெரியலை என்று மேஸ்திரியை ஆட்கள் முன்னாலேயே பேசிவிட்டார். நான் வட்டம்தான் சார் போட்டேன் என்று அவர் மூன்று முறை சொன்னார். அந்தக் கல் எல்லாம் உடைந்து குப்பையில் கிடக்கிறது, எதைக் காட்டுவார். அந்த இரும்பு முட்டுகளை மட்டும் எடுத்துடாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனவர் கூலியும் கேட்கவில்லை, திரும்பவும் வரவில்லை. (அவர் என்னைப் பார்த்துக்கொண்டே போனார் என்று எனக்குத் தோன்றியது. சும்மா பார்த்திருக்கலாம்.)

இப்போது புதிதாக ஒரு கான்ட்ராக்டர். திங்கட்கிழமை முட்டுகளை எடுத்துவிட்டு, மிச்சச் சுவரையும் தட்டி, இரும்பு உத்தரம் போடுவானாம், ரெண்டு மணி நேர வேலை சார் என்கிறான். அந்த ரெண்டு மணி நேரம் மாடியை யார் பிடித்துக்கொள்வார்கள் என்று கேட்டால் சிரிக்கிறான். செலவு முதலில் சொன்னதைப்போல் மூன்று மடங்கு, உன்னைப் பணம் கேட்டு இதை எழுதவில்லை, ஒரு காசு அனுப்பாதே. பழைய மேஸ்திரியைக் கூப்பிடச் சொல்லி அப்பாவிடம் பேசு. இந்த வீட்டின் எலும்பு அவருக்குத்தான் தெரியும். ஆனால் அப்பா இறங்கிப் போகமாட்டார், பொய்யன் என்று பேர் வாங்கியவரும் ஏறி வரமாட்டார். இன்னொன்று, யாரிடமும் சொல்லாதே. அவர் வட்டம் போட்டதை நான் கண்ணால் பார்த்ததாகத்தான் நினைவு, அப்பா அடித்துச் சொல்லும்போது சந்தேகமாகிவிடுகிறது. அடுப்பை அணைத்தேனா என்று இப்போதெல்லாம் மூன்று முறை போய்ப் பார்க்கிறேன். எனக்குத்தான் புத்தி தடுமாறுகிறதோ என்னவோ.

(அண்ணா, அம்மாவுக்கு ஒன்றும் தடுமாறவில்லை. வட்டம் இருந்தது. முதல் நாள் சாயங்காலம் மேஸ்திரி சாக்பீஸை மறந்துவிட்டுப் போனார், நான் வீடு முழுக்கப் பெருக்கல் குறி போட்டேன், டிவி, ஃபிரிட்ஜ், தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் பனியன். உன் அறைச் சுவரில் வட்டத்தைத் துடைத்துவிட்டுப் போட்டேன். உன் ரூமுக்கும் நாள் குறிச்சாச்சு என்று படம் எடுத்து அனுப்பினேனே, நீகூடச் சிரித்தாயே, அதுதான். காலையில் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்தேன், அவசரத்தில் சமையலறைச் சுவரில் மேஸ்திரி போட்ட குறியும் சேர்ந்து போய்விட்டது. உன் அறைச் சுவரைத் துடைப்பதற்குள் ஸ்கூல் வேன் வந்துவிட்டது. வந்து துடைக்கலாம் என்று போனேன். வந்தபோது சுவர் இல்லை. என் போனில் அந்தப் படத்தை அழித்துவிட்டேன், உன்னிடம் இருக்கும். என்னடி, நான் ரெண்டு வரிதான் சொன்னேன், நீ பக்கம் பக்கமா எழுதறே என்று அம்மா கேட்கிறாள். படி பார்க்கலாம் என்கிறாள்.)

அண்ணா, இனிமேல் அடைப்புக்குறி இல்லை. படித்தேன், ஓர் எழுத்து விடாமல். பனியன் வரைக்கும் நன்றாகத்தான் போனது, அப்புறம் நிறுத்திவிட்டேன், மிச்சத்தை அம்மாவே வாங்கிப் படித்தாள். நான் அடியை எதிர்பார்த்துத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். அவள் முதலில் கேட்டது, அப்போ நான் பார்த்தது வட்டம்தானே என்றுதான். ஆமாம்மா என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கப்புறம்தான் இடது கை வந்தது, சுளுக்கு இல்லாத கை. பிறகு அப்பாவிடம் போய் நானே சொன்னேன். அவர் கத்தவில்லை. முட்டுக்கு நடுவே நின்று மேலே பார்த்தார், கான்ட்ராக்டருக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை வர வேண்டாம் என்றார், பிறகு செருப்பைத் தேடினார். மேஸ்திரி வீட்டுக்கு இரண்டு பேரும் போகிறோம். வாசலில் முதலில் பேச வேண்டியது நானாம், அடுத்தது அவராம். மேஸ்திரி கதவைத் திறப்பாரா என்றே தெரியவில்லை. கிளம்பும் முன் மிச்சமிருக்கும் பாதிச் சுவரில் வட்டம் போட்டுவிட்டேன், தெருவிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி.

கடைசி வரிகள் அம்மா சொல்வது: வேளைக்குச் சாப்பிடு, இருமலோடு தலைக்குக் குளிக்காதே, எங்கே இருந்தாலும் நிம்மதியாகத் தூங்கி எழுந்திரு. அத்தையை இன்றிலிருந்து என்னோடு கீழே பின்னறையில் படுக்கச் சொல்லிவிட்டேன், கவலைப்படாதே. அந்தப் படத்தை மட்டும் அழித்துவிடாதே.

உன் நலம் நினைக்கும் அம்மா (இடது கையெழுத்து, கோணலுக்கு மன்னிக்கவும்)
எழுதியதும் துடைத்ததும்: வாலு