அம்மா பக்கத்து இடம்

அன்புள்ள அண்ணனுக்கு,

கடல் உயர உயரப் பழவேற்காட்டுச் சதுப்பு நிலம் எப்படி மாறுகிறது என்று அளக்க, இந்த முறை நம் குப்பத்துக்கே போனேன். அலையாத்திச் செடிகள் பாதி பட்டுப்போய் நிற்கின்றன. அம்மாவைப் புதைத்த இடுகாட்டைத் தேடி நடந்தேன். வழியிலேயே மண் முடிந்து தண்ணீர் வந்துவிட்டது.

பச்சையம்மா அத்தை ஓடிவந்து என்னைத் தடுத்தாள்.

"எறங்காதம்மா. அந்த எடத்த போன மழையிலயே கடலு இழுத்துகினு பூடுச்சு."

"நைனாவுக்குத் தெரிய வேணாம் அத்தை."

"அவரு அப்பவே வந்து பாத்துட்டாரு. புள்ளைங்களாண்ட சொல்லாதன்னு கேட்டுக்கினாரு."

அதற்குப் பிறகு நான் எதையும் அளக்கவில்லை.

நைனாவுக்கு இனி அதிக நாள் இல்லை என்று டாக்டர் சொன்னதாக நீ போனில் சொன்னதைப் பற்றி இப்போது எழுத வரவில்லை. மணவாள நகரில் உன் வீட்டில் படுத்துக்கொண்டு, "என்னிய உங்கம்மா பக்கத்துலயே வெச்சிடுங்க" என்று அந்த இடம் போனது தெரிந்தும் நைனா தினமும் கேட்கிறாரே, அது நாம் இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் அண்ணா. இனியும் கேட்டால் சரி என்றே சொல். சீக்கிரமே நான் வருகிறேன். நானும் அதையேதான் சொல்லப்போகிறேன்.

உன் தங்கை