அம்மாவுக்கு ஏறாத வயது

ஆகஸ்ட் 4, திங்கள்

வங்கிக் கட்டடத்து லிஃப்ட் மறுபடி மக்கர். அரை நாள் லிஃப்டின் அடிக்குழிக்குள் குனிந்து வேலை பார்த்ததில் முதுகு போயே போச்சு. வீட்டுக்கு வந்தால் மகள், எங்கள் பொடிசு, கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சன்னலைப் பார்க்கிறாள்.

“முடிச்சிட்டியா?”

“ம்.”

பன்னிரண்டு வயசுப் பெண்ணின் ‘ம்’முக்கு என்ன அர்த்தம்? அவள் அம்மாவுக்குத் தெரியும். என் மனைவி போய் எட்டு மாதம் ஆகிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

பள்ளியிலிருந்து போன். பொடிசின் ஸ்பெஷல் வகுப்பு கணக்கு டீச்சர் என்னைப் பார்க்க வேண்டுமாம். என்ன வம்பு என்று தெரியவில்லை.

எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம். அந்த வகுப்பு முழுக்க என் மனைவியின் ஆசை. பள்ளியிலேயே கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளாகப் பொறுக்கியெடுத்து, மற்றவர்கள் பின்னால் படிக்கப்போகிற எக்ஸ், ஒய் சமாச்சாரத்தை இப்போதே நடத்துகிறார்கள். அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு. மருந்துக்கடையில் நாள் பூரா நின்றுவிட்டு வந்து, காலைக்கூட நீட்டாமல் இவளைத் தயார் செய்தாள். பிரிட்ஜ் கதவுதான் பலகை. அம்மா ஒரு வரி எழுதினால் மகள் அடுத்த வரி, அப்புறம் மறுபடி அம்மா. விடை வருகிற வரைக்கும் நான் தண்ணீர் எடுக்கக்கூடக் கதவைத் திறக்கக் கூடாது. “கொஞ்சம் தாகத்தை அடக்குங்க, நாலே வரிதான்” என்பாள்.

அவள் இறந்த அன்று, வருகிறவர்கள் பார்ப்பார்களே என்று என் அக்கா அந்தக் கதவில் இருந்த எழுத்தையெல்லாம் துடைத்துவிட்டாள். பாவம், அவளுக்கென்ன தெரியும். பொடிசு அழவில்லை. இன்றுவரைக்கும் இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

டீச்சர் சின்ன வயசு. எனக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தான் நின்றுகொண்டே பேசினார். பொடிசின் தாள்களை மேசையில் பரப்பினார்.

“மத்ததெல்லாம் பிரமாதம் சார். பின்னம், விகிதம், மைனஸ் எண்கள், எதுலயும் குறை சொல்ல முடியாது. வயசுக் கணக்கு மட்டும்தான் இப்படி. அதுலயும் அப்பா–மகன்னா சரியா போடறா. தாய்–மகள்னா தப்பு. அழிச்சிட்டுப் போடச் சொன்னா, மறுபடி அதையே எழுதறா.”

நான் ஒரு தாளை எடுத்தேன். தாய்க்கு நாற்பது, மகளுக்குப் பன்னிரண்டு. எத்தனை வருஷத்தில் தாயின் வயது மகளின் வயதைப்போல இரண்டு மடங்கு ஆகும்? பதினாறு வருஷம் என்று டீச்சர் சொன்னார். அப்போது மகளுக்கு இருபத்தெட்டு, தாய்க்கு ஐம்பத்தாறு. பொடிசு எட்டு வருஷம் என்று எழுதியிருக்கிறாள். மகளுக்கு இருபது. தாய்க்கு அதே நாற்பது.

“மகளுக்கு மட்டும் வருஷத்தைக் கூட்டறா. அம்மாவுக்குக் கூட்ட மாட்டேங்கறா. ஏன்னு எனக்குப் புரியல சார்.”

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த எக்ஸ் எழவு ஒன்றும் புரியாத எனக்கு, இது மட்டும் பளிச்சென்று. சொன்னேன். அவள் அம்மா போய்விட்டதைக் கேட்ட பிறகுதான் டீச்சர் உட்கார்ந்தார்.

அடுத்த மாதம் பரீட்சை. எண்பதுக்குக் கீழே போனால் சாதாரண வகுப்புக்கு இறக்கிவிடுவார்களாம். அந்த மாதிரிக் கணக்கை இவளுக்கு மட்டும் எடுத்துவிட முடியாதா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். “வினாத்தாள் என் கையில இல்ல சார்” என்றார்.

என் மனைவி எனக்கு விட்டுப்போனது இந்தப் பெண். இந்தப் பெண்ணுக்கு விட்டுப்போனது அந்த வகுப்பு. அதையும் பறிகொடுக்கவா?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கேட்கத் தைரியம் இல்லை. கேட்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

நல்லபடியாகத்தான் ஆரம்பித்தேன். “அம்மாவுக்கும் வருஷத்தைக் கூட்டணும்டா கண்ணு.”

“எதுக்கு?”

“கணக்கு அப்படித்தானே?”

“அம்மாவுக்கு முப்பத்தாறுதான். ஏறாது. நான்தான் ஏறிட்டே போறேன்.”

“அது புஸ்தகத்துல இருக்கற அம்மாடீ! உங்கம்மா இல்ல!” — கத்திவிட்டேன். எட்டு மாதமாக அடக்கி வைத்தது எல்லாம் அந்தப் பிஞ்சு மேலேயா வந்து விழ வேண்டும்? சே.

அவள் கத்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. விடை சொல்கிற குரலிலேயே சொன்னாள்: “இன்னும் இருபத்துநாலு வருஷத்துல எனக்கும் முப்பத்தாறுப்பா. அதுக்கப்புறம் நான்தான் பெரியவ. அப்ப அம்மா என்னைவிடச் சின்னப் பொண்ணு.”

நான் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். என்ன அப்பன் நான்?

ஆகஸ்ட் 23, சனி

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். “இதுக்குப் போயா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே? ஏ பொடிசு, தாய்னு வந்தா என்னை நெனச்சுக்கடி. நான்தான் நாளுக்கு நாள் கிழவியாயிட்டு வரேனே!”

பொடிசு சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். அத்தையை வைத்து நாலு கணக்குப் போட்டாள். நாலும் சரி. அத்தைக்குத் தொண்ணூற்றெட்டு வயது வரைக்கும் கொண்டுபோனாள். “அது வரைக்கும் உங்களுக்கு ஆக்கிக்கொட்டணுமா? ஆளை விடுங்கடா சாமி” என்றாள் அக்கா.

அக்கா வாயில் சர்க்கரையைத்தான் போட வேண்டும்.

செப்டம்பர் 12, வெள்ளி

பரீட்சை முடிந்தது. “எப்படி?” “ம்.” இந்த ‘ம்’ வேறு மாதிரி இருந்தது. துருவவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

எழுபத்தொன்று. சாதாரண வகுப்புக்குப் போகிறாள்.

லிஃப்ட் குழிக்குள் இருந்தபோதுதான் போன் வந்தது. மேலே ஏறி வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் குரலே சரியில்லை. “தாய்–மகள் கணக்கு வந்துச்சு சார். முழு மார்க். படிப்படியா, அவ்வளவு அழகா போட்டிருக்கா. ஆனா அதுக்கப்புறம் ஒண்ணுமே எழுதல. பின்னாடி இருந்ததெல்லாம் அவளுக்கு ஊதித் தள்ளற கணக்கு. எல்லாம் வெள்ளையா விட்டிருக்கா.”

அடுத்த வருஷம் மறுபடி எழுதலாமாம். ஆமாம், எழுதலாம்.

என் மனைவி கேட்டால் என்ன சொல்வேன்? கேட்க மாட்டாள். அதுதானே இங்கே எல்லாப் பிரச்சினையும்.

செப்டம்பர் 27, சனி

காலையில் காய் நறுக்கிக்கொண்டே, கோபமே இல்லாமல் கேட்டேன். அவள் பிரிட்ஜ் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“கடைசியில இருந்ததை ஏன்டா விட்டுட்டே? தெரியலையா?”

“தெரியும்.”

“அப்புறம்?”

நகத்தைக் கடித்தாள். “அந்தக் கணக்குல அத்தையை நெனைக்கலப்பா. அம்மாவையே நெனச்சுக் கூட்டினேன். அம்பத்துநாலு வந்துச்சு.”

“ம்.”

“அம்பத்துநாலு வயசுல அம்மா எப்படி இருப்பான்னு யோசிச்சிட்டே இருந்தேன். மணி அடிச்சிட்டாங்க.”

கத்தியைக் கீழே வைத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். விடை தெரியாத கணக்கை அவள் இப்படித்தான் பார்ப்பாள். “சொல்லுப்பா. எப்படி இருப்பா?”

“முன்பக்கம் நரைச்சிருக்கும்” என்றேன். “சாயம் பூசிக்கோன்னா, போங்க உங்க வேலையைப் பாத்துட்டுன்னு சொல்லுவா.”

“கண்ணாடி?”

“தலைமேல ஏத்தி வச்சுக்கிட்டு, கண்ணாடி எங்கேன்னு நம்ம ரெண்டு பேரையும் திட்டுவா.”

“நான் அப்ப வேலைக்குப் போவேன்ல? போன் பண்ணுவாளா?”

“மணிக்கொரு தரம். சாப்பிட்டியான்னு.”

சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை. அம்மா என்று கத்தினாள். ஒன்பது மாதமாகச் சேர்த்து வைத்தது எல்லாம் என் சட்டையில்தான் கொட்டியது. நானும் அடக்கவில்லை. எதற்கு அடக்க வேண்டும்?

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, “அம்பத்தஞ்சுல?” என்றாள். முட்டி வலி வரும் என்றேன். ஐம்பத்தாறில் மருந்துக்கடை வேலையை விட்டுவிடுவாள் என்று அவள் சொன்னாள். மாட்டாள் என்று நான் சொன்னேன். இப்படியே ஒவ்வொரு வருஷமாகக் கூட்டிக்கொண்டே போனோம். அக்கா சாப்பிடக் கூப்பிட்டபோது என் மனைவிக்கு அறுபத்தோரு வயது ஆகியிருந்தது.