மூன்றாம் தடவை வந்த வெள்ளைப் பூ

அன்பு மகள் அருணாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் உன் ஆஸ்பத்திரி வேலையும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனாலும் மிளகுக் கொடி பார்க்க ஏணி ஏறுவதை விடவில்லை, நீ ஒரு வார்த்தை கண்டித்துச் சொல். பலா இந்த வருஷம் காய்த்துத் தள்ளிவிட்டது, சோளக்காடு சந்தையில் கேட்பாரில்லை. போனில் கோயில் பேச்சை எடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன், கடைசிவரை படி.

மாதம்மாள் மகன் இளங்கோ, பெயரைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாதே, வெப்சைட் ஆரம்பித்திருக்கிறான். மலை மிளகும் தேனும் காப்பிக் கொட்டையும் அதில் விற்பானாம். மிளகு எந்த மாசம் பறிப்பது என்று கேட்டால் அம்மா முகத்தைப் பார்ப்பான், அவன் ஓனர். சேலத்தில் யாரோ சொன்னார்கள் என்று பெயர் 'கொல்லி ரூட்ஸ்'. ரூட்ஸ் என்றால் வேராம். அப்போ வேரா விக்கறான் என்று அப்பா கேட்டார், எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இந்த அழகுக்கு அம்மனிடம் பூப்போட்டு உத்தரவு வேறு. வெள்ளிக்கிழமை விளக்குப் போடப் போனவள் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், இரண்டையும் அம்மன் காலடியில் வைத்தார்கள், பூசாரி கருப்பண்ணன் ஒன்றை எடுத்துப் பிரித்தால் சிவப்பு. சிவப்பு வந்தால் வேண்டாம் என்று உனக்குத் தெரியாததா. மாதம்மாள் அசரவில்லை, பூசாரியைப் பார்த்து 'சாமி, நீ பேர மனசுல சரியா நெனைக்கல, கால் கழுவிட்டு வந்து கேளு' என்றாள். மறுபடியும் சிவப்பு. பொட்டலம் கட்டிய கை சுத்தமில்லை என்று பழியைப் பூசாரி மேல் போட்டுவிட்டுத் தானே கட்டினாள். மூன்றாம் தடவை வெள்ளை வந்தது, உடனே தேங்காய் உடைத்தாகிவிட்டது. இப்போது வெப்சைட்டைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே அம்மன் உத்தரவு தந்த பெயர் என்று போட்டிருக்கிறான், வெட்கங்கெட்டவன்.

எனக்கு வயிறு எரிந்தது கண்ணு. மூன்று வருஷத்துக்கு முன்னால் உன்னைப் பெண் கேட்டு வந்து இதே இடத்தில் பூப்போட்டபோது ஒரே தடவைதான் சிவப்பு வந்தது. 'அம்மனே வேண்டாங்குதுங்க, நாம என்ன பண்றது' என்று சேலையை உதறிக்கொண்டு போனவள் இவள். அவனும் கைகட்டி நின்றானே தவிர, இன்னொரு தடவை கேட்கலாம் என்று வாயைத் திறக்கவில்லை. சாமிக்கே ஆகாதவள் நான் என்று சொல்லிக்கொண்டு மலையிறங்கிய நீ வந்த வரனையெல்லாம் தட்டிவிட்டாய், திருவிழாவுக்குக்கூட வருவதில்லை. அதனால் நேராகவே கேட்டேன், 'ஏனுங்க, எம்பொண்ணுக்கு மட்டும் ஏன் ஒருக்கா கேட்டதோட நிறுத்துனீங்க' என்று. 'இது பையன் ஆசைப்பட்டதுங்க' என்றாள், கொஞ்சமும் கூசாமல்.

படித்தால் அழுவாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன், ஒரு தடவை அழுதுவிட்டு விடு. உன்னை வேண்டாம் என்றது இந்த இரண்டு பேர்தான், அம்மனை இதில் இழுக்காதே. ஆடிப் பதினெட்டுக்கு லீவு போட்டு வா. மலை வளைவில் உனக்கு வாந்தி வரும், கையில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள். சோளக்காட்டில் அப்பா வண்டியோடு நிற்பார், அதற்குள் அந்த ஏணி விஷயத்தை அவரிடம் பேசிவிடு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நல்லா இருப்பாய் சாமி. வந்ததும் கோயிலுக்குப் போவோம். பூவெல்லாம் போட்டுக் கேட்க வேண்டாம், சும்மா கும்பிட்டுவிட்டு வருவோம்.

உன் அம்மா
சுகுணா