காற்றில் போன என் பேச்சு

ஜூன் 11, செவ்வாய்
மணி பன்னிரண்டரை. இந்நேரத்தில் உன்னை எழுப்புகிறேன், மன்னித்துக்கொள் டைரி. நாலு மாத வர்ஷா இப்போதுதான் தூங்கினாள். என் வீட்டுக்காரருக்கு இந்த மாதம் முழுக்க நைட் ஷிஃப்ட்.

இந்தக் கள்ளிக்குப்பம் ஃபிளாட்டுக்குள் செல்போன் சிக்னல் வராது. மாமனார் ஆவடி குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது கொடுத்த பழைய கார்ட்லெஸ் போன்தான் கதி. இன்று அதில் சௌம்யா அக்காவிடம் சொல்லிவிட்டேன் — குளிப்பாட்டும்போது பிள்ளையை நழுவ விட்டுவிடுவேனோ என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. அவளோடு தனியாக இருக்கவே பயம். "அவர்கிட்ட சொல்லிடாதேக்கா."

ஜூன் 13, வியாழன்
கீழ்வீட்டு ஜமீலாக்கா படிக்கட்டில் நிறுத்தினார். "இன்னா கண்ணு, எங்க ஊட்டு கார்ட்லெஸ்ஸ எடுத்தா நீ பேசிகினு கீறே! உன் சாம்பார் மாமியாருக்குப் புடிக்கலேன்ற வரிக்கும் எனக்குத் தெரியும்." சிரித்தார். அப்புறம் குரலை இறக்கி, "குளிப்பாட்டுற சமாச்சாரமும் கேட்டுச்சு. நான் வாயத் தொறக்க மாட்டேன். ஆனா உன் ஊட்டுக்காரரு கேக்க வேண்டியத நான் கேட்டுகினு கீறேன், நல்லாவா கீது?"

ஐயோ. இன்னும் யார் யார் கேட்டார்களோ?

ஜூன் 15, சனி
அம்பத்தூர் ஓ.டி.யில் போன் ரிப்பேர் செய்யும் பாபுவிடம் காட்டினேன். "இது ரேடியோ மாதிரி மேடம். பத்தே சேனல், பூட்டு கிடையாது. பக்கத்துல அதே சேனல் இருந்தா அவ்ளோதான்."

பிறகு வந்த கார்ட்லெஸ் போன்கள் குரலையே எண்களாக மாற்றி அனுப்பினவாம். இப்போதுள்ள போன்களின் 'டெக்ட்' என்கிற முறை ஒரு வினாடியை நூறாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் இருபத்துநாலாக வெட்டுகிறதாம். அதில் ஒரு கீற்றில் நம் பேச்சு போகும், இன்னொரு கீற்றில் பதில் வரும். அதுவும் வேறு யாருக்கும் கேட்காதபடி பூட்டி. இடைஞ்சல் வந்தால் நமக்கே தெரியாமல் வேறு சேனலுக்குத் தாவிவிடும்.

வாயைப் பிளந்து நின்றேன். வினாடியில் இரண்டாயிரத்து நானூறு கீற்று! அதில் ஒரு சொல்கூடச் சிந்தாதா? அப்படி ஒரு போனை வாங்கிவிட்டேன்.

ஜூன் 17, திங்கள்
பக்ரீத். ஜமீலாக்கா வீட்டு பிரியாணி வந்தது.

ஷிஃப்டிலிருந்து வீட்டுக்காரர் கூப்பிட்டார்; புது போனில் அவருடைய மூச்சுகூடக் கேட்கிறது. "இப்ப தைரியமா பேசு, ஒருத்தருக்கும் கேக்காது" என்றார். "சாப்டீங்களா"ன்னு கேட்டு வச்சிட்டேன். ஏன்டீ இப்படி?

ஜூன் 18, செவ்வாய்
இன்றும் வர்ஷாவைக் குளிப்பாட்டாமல் ஈரத்துணியால் துடைத்துதான் விட்டேன். மூன்றாவது நாள்.

ஜூன் 19, புதன்
என்னங்க, இந்த டைரியை உங்க காபி டம்ளர் பக்கத்துல திறந்து வைக்கிறேன். பதினொன்றாம் தேதியிலிருந்து படிங்க. ஷிஃப்ட் முடிஞ்சு களைப்பா வருவீங்கன்னு தெரியும். ஆனாலும் இன்னைக்கு வர்ஷாவை நீங்க பிடிச்சுக்கோங்க, நான் தண்ணி ஊத்துறேன். படிச்சதும் என்னை எழுப்பி, சீக்கிரம் பதில் சொல்லுங்க.