மூன்று சரி போதாது

அக்கா,

நாளைக்கு ஆடி ஞாயிறு, அம்மனுக்குக் கூழ். கேழ்வரகு மாவைக் கரைத்து மூடிவைத்த அண்டாவிலிருந்து புளிப்பு வாசம் கிளம்பி வீடெல்லாம் நிற்கிறது. இந்த வாசம் வந்தால் நீங்களும் வந்துவிடுகிறீர்கள். கூடவே என் கோபமும்.

உங்கள் வீட்டுக்காரர் தவறிப்போன மறுவருஷம் நீங்கள் கரைத்த கூழ் கெட்டுப்போனது. அதற்கு முன் வருஷாவருஷம் அதே கை கரைத்ததை ஊரே வாங்கிக் குடித்தது ஒருவர் ஞாபகத்திலும் இல்லை. நம் மாமியார் அண்டாவை வாய்க்காலில் கவிழ்த்துவிட்டு, "தாலி இல்லாத கை பட்டா இப்பிடித்தான் ஆவும்" என்றார். பிள்ளையைப் பறிகொடுத்த வாய் என்று பொறுத்துக்கொண்டீர்கள். அடுத்த ஆடிக்கு உங்களை அடுப்பங்கரைக்கே வரக் கூடாது என்றபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"அவ கரைச்சதை ஒரு வாய் குடிச்சாலே எனக்குத் தெரிஞ்சிடும்" என்றார் பாருங்கள், அதைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது, ஏனாத்தூர் காலேஜில் படித்த என் மகள் பரீட்சை முடிந்து மூலையில் போட்ட புள்ளியியல் புத்தகத்தை மத்தியானங்களில் அகராதி வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். பால் கணக்கும் சீட்டுக் கணக்கும் போடுகிறவளுக்கு எண் பயமில்லை, இங்கிலீஷ்தான் பயம். எனக்குப் புரிந்தது இவ்வளவு. ஒன்றைச் சந்தேகப்பட்டால், முதலில் 'வித்தியாசம் ஒன்றுமில்லை' என்றே வைத்துக்கொள்ள வேண்டும். குருட்டாம்போக்கில் லேசில் வராத அளவுக்குச் சாட்சி வந்தால்தான் அதைக் கைவிடலாம். எவ்வளவு சாட்சி வேண்டும் என்பதையும் பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பார்த்த பிறகு மாற்றினால் அது அழுகுணி ஆட்டம்.

நீங்கள் முதலில் சீறினீர்கள். "என் கை நல்ல கைன்னு நான் எதுக்குடி ருசுப்பிக்கணும்?"

"நீங்க இல்லக்கா. கெட்ட கைன்னு அவங்க ருசுப்பிக்கணும்."

அதற்குப் பிறகுதான் எழுந்து மாவை எடுத்தீர்கள். ஒரே மில் மாவு, ஒரே அடுப்பு, அளந்த உப்பு. ஒரு சட்டி நீங்கள், ஒரு சட்டி நான். எட்டு டம்ளரில் ஆளுக்கு நாலு. உங்கள் டம்ளர்களின் அடியில் மகள் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினாள். நம் ஊர்க் கல்வெட்டில் இருக்கிற குடவோலை மாதிரி சீட்டுக் குலுக்கி வரிசை வைத்துவிட்டு, தன் முகத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்கக் கூடாதென்று தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள். எடுத்துக் கொடுத்த எனக்கே எது எவருடையது என்று தெரியாது.

எதிர்வீட்டுப் பெரியம்மா வாசலில் நின்று கத்தினார். "அம்மனையே சோதிக்கிறியாடி?"

"அம்மனை இல்ல பெரியம்மா. அத்தை நாக்கை."

எட்டில் நாலைப் பொறுக்க எழுபது வழி. உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிப் பார்த்திருந்தேன். அதில் ஒன்றே ஒன்றுதான் முழுக்கச் சரி. ஆகவே நாலையும் சரியாகச் சொன்னால்தான் அத்தை ஜெயித்தார், அப்புறம் நீங்கள் கூழைத் தொடுவதில்லை என்று பேச்சு. அத்தையும் அம்மன் படத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

அத்தை ருசித்து ருசித்து, "இதெல்லாம் அவ கை" என்று நாலைத் தள்ளிவைத்தார். கவிழ்த்துப் பார்த்தோம். மூன்றில் பொட்டு இருந்தது.

வீடே ஆர்ப்பரித்தது. ஆனாலும் சொன்னேன், "நாலுன்னுதான் பேச்சு அத்தை."

"மூணு போதாதாடி? பாஸ் மார்க்குக்கு மேலயே கீது!"

"கண்ணை மூடிக்கினு எடுத்தாலும் மூணு வர்றதுக்கு எழுபதுல பதினாறு வழி கீது. போதாது."

அன்று சாயங்காலம் டம்ளர் கழுவும்போது உங்களிடம் உண்மையைச் சொன்னேன். "இதனால உங்க கை நல்ல கைன்னு ஆயிடலக்கா. கெட்டதுன்னு அவங்களால காட்ட முடியல, அவ்ளோதான்."

"அது போதும். நல்லதுன்னு முத்திரை குத்த நான் இன்னா எடைக்கல்லா?"

"ஒருவேளை அவங்க நெஜமாவே கண்டுபிடிச்சிருந்து, நாமதான் தப்பா தள்ளிட்டோம்னா?"

நீங்கள் டம்ளரைக் கவிழ்த்து வைத்தபடி சொன்னீர்கள்: "கூழு கெட்டா ஒரு நாளு போவும். மனுசியைக் கெட்டவன்னு ஒதுக்கிட்டா இன்னாடி மிச்சம்?"

புத்தகத்திலும் அந்த இரண்டு தவறும் இருக்கின்றன. இல்லாததை இருக்கிறது என்பது ஒன்று, இருப்பதை இல்லை என்பது இன்னொன்று. எது பெரிய தவறு என்று எனக்குச் சொன்னது நீங்கள்தான்.

அந்த ஆடிக்கு நீங்களே கிண்டினீர்கள். அத்தை வாங்கிக் குடித்துவிட்டு, "உப்பு கம்மி" என்றார்.

இன்றைக்கு மாவு கரைத்தது கோமதி, நமக்குப் பால் ஊற்றுகிறவள். பங்குனியில் புருஷனைப் பறிகொடுத்தாள். எதிர்வீட்டுப் பெரியம்மா தடியூன்றி வந்து எட்டிப் பார்த்து, "அவ கையாலயா?" என்று இழுத்தார். கோமதி கையை அண்டாவிலிருந்து எடுத்துவிட்டாள்.

இந்த முறை நான் டம்ளர் அடுக்கவில்லை, அக்கா. "சந்தேகம் உங்களுதுதானே பெரியம்மா? எட்டு டம்ளரை நீங்க கொண்டாங்க. நாலும் சரியா சொல்லுங்க. அதுவரைக்கும் வித்தியாசம் ஒண்ணும் இல்ல" என்றேன். கோமதியின் கையை எடுத்து மறுபடி மாவில் வைத்தேன்.

நாளைக் காலை நீங்கள் விட்டுப்போன துடுப்பு அவள் கையில் இருக்கும். ஒருவேளை கூழ் கெட்டாலும் கெடட்டும். அடுத்த ஆடிக்கும் அவள்தான் கரைப்பாள்.