சந்தனம் வைத்த கேமரா

சிங்காநல்லூர்
20.10.1999

அன்புள்ள மாமாவுக்கு,

பிரியா எழுதுவது. நான், வயிற்றில் இருக்கும் நம் வாண்டு, உங்கள் அப்பா, கீழே மோட்டார் பட்டறை எல்லோரும் நலம். டான்சானியாவில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பது உங்களுக்கே வெளிச்சம். போன கடிதம் மொத்தமே நான்கு வரி. அதில் ஒரு வரி அங்கே மழை இல்லை என்பது. கடல் தாண்டி வருகிற தபாலுக்காவது கொஞ்சம் மரியாதை கொடுக்கலாம்.

முதலில் டாக்டரம்மா சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். பயப்படும்படி ஒன்றும் இல்லை. குழந்தை நன்றாக இருக்கிறது. ஆனால் பிரசவம்வரை நான் மாடிப்படி இறங்கக் கூடாதாம், முக்கால்வாசி நேரம் படுத்தே இருக்க வேண்டுமாம். கீழே பட்டறை, மேலே வீடு என்று கட்டியவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள்.

உங்கள் அப்பா அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். டெஸ்ட் பெஞ்சில் மோட்டார் ஓடும்போது மீட்டரைப் பார்த்து, இது போகலாம், இதைப் பிரித்துக் கட்டுங்கள் என்று சொல்கிற ஆள் நீங்கள் போனபின் நான்தான். நான் இறங்காவிட்டால் மீட்டர் பார்த்துச் சொல்லத் தெரிந்த வேறு ஆள் இல்லை. அதனால் பட்டறையைப் பூட்டிவிட்டு, நீங்கள் வரும்வரை என்னைப் பொள்ளாச்சியில் அம்மா வீட்டில் கொண்டுபோய் விடுவதாம். பார்க்காம அனுப்புன மோட்டாரு எவன் தோட்டத்துலயாச்சும் தண்ணி பாயறப்ப நின்னுபோச்சுன்னா நம்ம பேரு என்னத்துக்கு ஆகும் அம்மணி என்கிறார். அவர் சொல்வதும் தப்பில்லை. ஆனால் ஒரு தடவை பூட்டினால் பாலுசாமி அண்ணன் உட்பட எல்லோரும் வேறு பட்டறைக்குப் போய்விடுவார்கள். நீங்கள் வந்து திறக்கும்போது வெறும் கட்டடம்தான் இருக்கும். எனக்கு அது பொறுக்கவில்லை.

டெஸ்ட் பெஞ்சுக்கு மேல் நீங்கள் மாட்டிவிட்டுப் போன கேமராவைச் சொல்லித்தான் தப்பித்தேன். சிங்கப்பூர் நண்பரிடம் சொல்லி வரவழைத்தீர்களே, விளையாட்டுச் சாமான் என்று நான்கூடக் கேலி செய்தேனே, அதேதான். படுத்தபடியே மேலே கம்ப்யூட்டரில் மீட்டரைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். காட்டு பார்க்கலாம் என்றார். காட்ட முடியவில்லை. ஆயுத பூஜைக்கு முந்தைய நாள்வரை நன்றாகத் தெரிந்தது. பூஜைக்கு வழக்கம்போல எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, பொட்டு வைத்து, மறுநாள் மாட்டினார்கள். லேத் ஓடுகிறது, டிரில்லிங் மிஷின் ஓடுகிறது, கேமரா மட்டும் கோபித்துக்கொண்டது. நீங்கள் மானிட்டரில் ஒட்டிவிட்டுப் போன 192.168.0.20 என்ற எண்ணை பிரவுசரில் அடித்தால், கம்ப்யூட்டர் உடனே இன்டர்நெட்டுக்கு டயல் செய்யக் கிளம்பிவிடுகிறது. கீழே பெஞ்சுக்கு மேல் இருக்கிற பெட்டியைத் தேடச் சொன்னால் அது போன் போட்டு உலகமெல்லாம் தேடுகிறது. அந்த நேரம் பார்த்து நம் தோப்புத் தேங்காய் எடுக்கும் வியாபாரி உங்கள் அப்பாவைக் கூப்பிட, லைன் கிடைக்கவில்லை. அந்தக் கோபமும் என் கணக்கில்தான்.

கார்த்திகை பிறக்கும்வரை பொறுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். உங்கள் சைட்டில் போன் இல்லை என்பதால் தபாலிலேயே வைத்தியம் சொல்லுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
பிரியா


சிங்காநல்லூர்
5.11.1999

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. எட்டுப் பக்கம். தபால்காரர் கவரைக் கையில் வைத்து எடை பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். உள்ளே கம்ப்யூட்டர், கேமரா, இரண்டின் வயரும் வந்து சேரும் ஹப் மூன்றுக்கும் படம், வயருக்கு அம்புக்குறி. கல்யாணமாகி இதுவரை நீங்கள் என்னிடம் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் எட்டுப் பக்கம் வருமா என்பது சந்தேகம்தான்.

சொன்னபடி ஒவ்வொன்றாகச் செய்தேன். பிரவுசரில் அந்த டயல் செய்யும் ஏற்பாட்டை நிறுத்திவிட்டேன். இப்போது போன் சும்மா இருக்கிறது. உங்கள் அப்பாவுக்குத் தேங்காய் விலை ஒழுங்காக வந்து சேருகிறது. கேமரா மட்டும் வரவில்லை. பக்கத்தைக் காட்ட முடியவில்லை என்று வெள்ளையாக ஒரு திரை வந்து நிற்கிறது. ஹப்பில் கேமரா வயருக்கு நேரே பச்சை விளக்கு எரிகிறதா என்று கேட்டிருந்தீர்கள். எரிகிறது. எலி கடித்திருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். பாலுசாமி அண்ணன் வயரைக் கடைசிவரை தடவிப் பார்த்துவிட்டார், காயம் இல்லை. கேமரா பதில் சொல்கிறதா என்று பார்க்க, கறுப்புத் திரையில் பிங் என்று அடித்து எண்ணைக் கொடுத்தேன். பதில் இல்லை, பதில் இல்லை என்று வரிசையாக வந்தது. உங்கள் பழைய கடிதங்களின் ஞாபகம் வந்தது.

அம்மா வந்து பார்த்துவிட்டுப் போனாள். பொள்ளாச்சியில் எனக்காக ஒரு அறையை வெள்ளையடித்துவிட்டாளாம். ஜன்னலுக்குப் புதுத் திரைகூட வாங்கிவிட்டாள். அவளுடைய ஆசை எனக்குப் புரிகிறது. நான் வரமாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்ல மனம் வரவில்லை. கேமரா தெரிந்துவிட்டால் நான் சொல்லவே வேண்டியதில்லை.

நாளை மறுநாள் தீபாவளி. பட்டறையில் எல்லோருக்கும் துணி எடுத்தாகிவிட்டது. இனிப்பு எனக்கு அளவாகத்தானாம். நீங்கள் அங்கே தீபாவளிக்கு என்ன செய்வீர்கள்?

இன்னொன்று. ஆறாம் பக்கத்தில் ஹப் எங்கே இருக்கிறது என்று விளக்கும்போது, நீ தலைக்குக் குளித்துவிட்டு முடி காயவைக்கும் ஜன்னலுக்குக் கீழே என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கே நின்று முடி காயவைப்பதை நீங்கள் பார்த்ததாகவே எனக்குத் தெரியாது. எப்போதும் ஸ்க்ரூ டிரைவரைத்தானே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்த வைத்தியத்தைச் சீக்கிரம் எழுதுங்கள். கார்த்திகை வந்துகொண்டே இருக்கிறது.

உங்கள்
பிரியா


சிங்காநல்லூர்
15.11.1999

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் அடுத்த கடிதத்துக்குக் காத்திருக்க நேரம் இல்லாமல் போய்விட்டது. நேற்று உங்கள் அப்பா பெட்டி கட்டச் சொல்லிவிட்டார். கார் ஏற்பாடு செய்யப்போகிறேன் என்றார். அழுகை வந்தது, அழவில்லை. கடைசியாக ஒரு தடவை கேமராவைக் கழற்றி என் கட்டிலுக்குக் கொண்டுவாருங்கள் என்று கேட்டேன். பாலுசாமி அண்ணன் கொண்டுவந்தார். அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு பெரிய சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். அதுவும் அடிப்பக்கத்தில்.

ஏன் அடியில் வைத்தீர்கள் என்று கேட்டேன். முன்னால கண்ணு இருக்குது, மேல காத்துப் போற ஓட்டை இருக்குது, அடியிலதான் தோதா எடம் இருந்துச்சு அம்மணி என்றார் உங்கள் அப்பா. பொட்டு வைத்தவர் அவர்தானாம். அதோடு நிற்கவில்லை. பக்கத்தில் ஒரு குட்டி ஓட்டைக்குள் சந்தனம் போயிருச்சு, அடைச்சுக்கிட்டா மிஷினுக்கு மூச்சு முட்டுமேன்னு ஊக்கை உட்டுக் குத்தி எடுத்துப்போட்டேன் என்றார். குத்திக்கொண்டிருக்கும்போதே பாலுசாமி அண்ணன் பிளக்கை மாட்டியிருக்கிறார். வெளக்கெல்லாம் ஒருக்கா சேர்ந்து மின்னுச்சு, சரி, ஆத்தா பூசையை ஏத்துக்கிட்டான்னு கும்புட்டுக்கிட்டேன் என்றார்.

மாமா, அந்த ஓட்டை எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். உள்ளே இருக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டே கரண்ட் கொடுத்தால், நீங்கள் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் கேமரா மறந்துவிடும், கம்பெனியிலிருந்து வந்த அன்றைக்கு இருந்தபடி ஆகிவிடும். உங்கள் கடிதத்தின் ஏழாம் பக்கத்தில், இதை மட்டும் யாரும் தொட வேண்டாம் என்று கோடு போட்டு எழுதியிருந்தீர்கள். கோடு போட்டதெல்லாம் சரி, அது வந்து சேர்ந்தது பூஜைக்குப் பிறகு.

ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தேன். உங்கள் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சந்தனத்துக்கு அடியில் ஒட்டியிருந்தது ஒரு சீட்டு. அதில் கம்பெனி கொடுத்த எண், 192.168.1.100. இத்தனை நாளும் கேமரா நன்றாகத்தான் இருந்திருக்கிறது. வீடு மாறிப்போன ஆளை நாம் பழைய வீட்டுக் கதவைத் தட்டித் தேடியிருக்கிறோம். புது எண்ணை அடித்தேன். அப்போதும் வரவில்லை. உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். கடைசி எண் கதவு எண், அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் தெரு, ஒரே தெருவில் இருந்தால்தான் பேசிக்கொள்ளும் என்று எழுதியிருந்தீர்கள். நம் கம்ப்யூட்டர் 0 தெருவில், கேமரா 1 தெருவில். கம்ப்யூட்டரைக் கேமராவின் தெருவுக்கு மாற்றி, அணைத்துப் போட்டேன். பக்கம் வந்தது. மாமா, பக்கம் வந்தது. அவசரத்தில் எண்ணை இரண்டு தடவை தப்பாக அடித்தேன். கேமராவுக்குப் பழைய எண்ணையே திருப்பிக் கொடுத்து, கம்ப்யூட்டரையும் பழைய தெருவுக்குக் கூட்டிவந்து, பெஞ்சுக்கு மேல் மாட்டச் சொன்னேன்.

தெரிந்தது. ஆனால் பட்டறை தலைகீழாகத் தெரிந்தது. மோட்டார் எல்லாம் கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. உங்கள் அப்பா அடியில் புதுச் சந்தனம் வைத்துவிட்டாராம். பொட்டு கீழே பார்த்தபடி இருந்தால் நல்லதில்லை என்று, பொட்டு மேலே வரும்படி கவிழ்த்து மாட்டச் சொல்லியிருக்கிறார். அப்புறம் வெகுநேரம் பேசி, கேமராவை நிமிர்த்தி மாட்டி, காற்றுப் போகும் ஓட்டைகளை விட்டுவிட்டு மேல்பக்கம் ஓரமாகச் சின்னதாக ஒரு பொட்டு என்று சமாதானம் ஆனது. ஊக்கை வாங்கி என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மூன்று மோட்டார் ஓட்டினார்கள். மீட்டர் முள் எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. இரண்டாவது மோட்டார் கரண்டை அதிகமாக இழுத்தது, பிரிக்கச் சொல்லி ஆள் அனுப்பினேன். பிரித்துப் பார்த்தால் பேரிங் சரியாக உட்காரவில்லை. உங்கள் அப்பா மேலே என் கட்டிலருகே வந்தார். காரு வேண்டாம்னு சொல்லிப்போட்டேன், நீ இங்கயே இருந்து பாத்துக்க கண்ணு என்றார். அம்மாவுக்கும் அவரே போன் செய்து, வெள்ளையடித்த அறை குழந்தையோடு வரும்போது ஆகும் என்று சொல்லிவிட்டார். இன்று காலை முதல் கேமராவைக் கடக்கும்போதெல்லாம் துண்டைச் சரிசெய்துகொள்கிறார்.

பட்டறை முழுக்கத் தெரிகிறது. ஓரத்தில் உங்கள் நாற்காலியும் தெரிகிறது. பாலுசாமி அண்ணன் அதன்மேல் டிபன் கேரியரை வைத்தார். அங்கே வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

இனி நம் வீட்டில் பழுது என்று ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. எல்லாம் ஓடுகிறது என்று தெரிந்ததும் நீங்கள் பழையபடி நான்கு வரிக்கு இறங்கிவிடுவீர்கள். மழை பெய்ததா இல்லையா என்று எனக்கு வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தை பிறப்பதற்குள் லீவு கேட்டுப் பாருங்கள். அதுவரை, ஹப் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்றே வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை விவரமாக எழுதுங்கள்.

உங்கள்
பிரியா